கம்ப்ரசரின் வயிறு

எங்கள் முதலாளி தனசேகரனுக்குத் தன் கம்ப்ரசரைப் பற்றிப் பெரிய பெருமை. சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு பீடியைப் பற்றவைப்பதற்குள் மீட்டர் முள் மேலே போய் நின்றுவிடும். மோட்டாரும் தானாக அணைந்துவிடும். கள்ளக்குறிச்சியில் மற்றப் பட்டறைகளில் காற்று நிரம்புவதற்குள் டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். எங்கள் பட்டறையில் டீ சொல்லக்கூட நேரம் கிடைக்காது. பெயிண்ட் அடிக்க வண்டி கொண்டு வருகிறவர்களை அவர் முதலில் கம்ப்ரசரிடம்தான் கூட்டிப் போவார். சந்தையில் மாட்டைக் காட்டுவது போல அதன் முதுகைத் தட்டிக் காட்டுவார்.

அவர் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். கச்சிராயபாளையம் சாலையில், அரிசி மில்லுக்கு முன்னால் சும்மா கிடந்த நிலத்தில் தகரம் போட்டுப் பட்டறை ஆரம்பித்தார். பெயிண்ட் பற்றி ஒன்றும் தெரியாது. மாடு பற்றித் தெரியும். அதனால் கம்ப்ரசரை மாடு மாதிரியே வைத்துக்கொண்டார். நிழலில் நிறுத்தினார். கோடையில் நனைந்த சாக்கைப் போர்த்தினார். யாராவது சும்மா பெயிண்ட் அடிக்கிற கன்னை அழுத்தி 'புஸ்' என்று காற்றை விட்டால் திட்டுவார். கரண்ட் கொடுத்துப் பிடித்த காற்றாம், வீணாகக் கூடாதாம்.

ஆயுத பூஜை வந்தால் அதற்குப் புதுத்துணி கிடையாது, புது பெயிண்ட் உண்டு. அந்த வருஷம் எந்த பெயிண்ட் மிச்சம் இருக்கிறதோ அது. இந்த வருஷப் பூஜைக்கு வெள்ளி நிறம் அடித்தோம். பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்தோம். கம்ப்ரசர் கல்யாண மண்டபத்துக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது.

பெயிண்ட் அடிப்பது இளஞ்செழியன் அண்ணன். அவர் கன் பிடித்தால் கை ஆடாது, வாய் நிற்காது. நான் பட்டி வைப்பேன், தேய்ப்பேன், பேப்பர் ஒட்டுவேன். அதற்கு முன் ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் நைட் ஷிப்ட் பார்த்தேன். ஒரு நாள் விட்டுவிட்டேன். ஊரில் காரணம் கேட்டார்கள். தூக்கம் என்றேன். கவியரசன் என்ற என் பெயரை அதோடு எல்லோரும் மறந்தார்கள். பட்டறையில் எனக்குப் பெயர் நைட்டு.

பூஜை முடிந்த அடுத்த வாரம் தைலம்மாள் அக்கா ஒரு பழைய வெள்ளை வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். வெள்ளிமலைக்காரர். மலையில் ஆள் ஏற்றுகிற ஜீப்பை வருஷக்கணக்காக ஓட்டியவர். ஜீப் இன்ஜின் போய்விட்டது. வீட்டுக்காரர் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டார். அக்காவுக்குப் போக விருப்பமில்லை. மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்க வேன் தேவைப்பட்டது. வேன் மஞ்சளாக இருக்க வேண்டும், வியாழக்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து, ஓடத் தகுதி உண்டு என்று எஃப்.சி. கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சின்னசேலத்துக்காரர் ஒருவரின் வேன் தயாராக நிற்கிறது என்று தாளாளர் சொல்லியிருந்தார். அதுவும் மஞ்சளாகவே நிற்கிறதாம்.

"மஞ்சளு இன்னா பெரிய விஷயம்? நாளைக்கே முடிஞ்சிரும்" என்றார் தனசேகரன். அப்புறம் வழக்கம்போல் கம்ப்ரசரைக் காட்டக் கூட்டிப்போனார். முள் மேலே ஏறியது. அக்கா பார்த்தார். என் ஜீப்பும் கடைசிக் காலத்தில் ஸ்டார்ட் பண்ணினதும் சூடாகிவிடும், வேகமாக வேலை செய்கிறது என்று நானும் சந்தோஷப்பட்டேன் என்றார். தனசேகரனுக்கு அது பாராட்டா இல்லையா என்று விளங்கவில்லை.

வானம் மூடியிருந்தது. மழை நினைத்தபோது வந்து போனது. மலைப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. ஈரமான நாள்தான், ஆனாலும் நேரம் இல்லை. பின்கதவிலிருந்து ஆரம்பித்தோம். முதல் கோட்டு அடித்து முடித்துக் கன்னைக் கீழே வைத்தபோது பெயிண்ட் கண்ணாடி போல் இருந்தது. இளஞ்செழியன் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட ஆரம்பித்தார். சிரித்து முடிப்பதற்குள் கதவு முழுக்கச் சின்னச் சின்னப் பள்ளம். சில இடத்தில் கொப்புளம். இரண்டு இடத்தில் பெயிண்ட் எச்சில் துப்பினது போல் தெறித்திருந்தது.

"இன்னாடா நைட்டு, தூங்கிக்கினே தேச்சியா?"

நான் தேய்த்ததில் குறை இல்லை என்றேன். எண்ணெய்க் கையோடு தொட்டிருப்பாய் என்றார். தொடவில்லை என்றேன். வாட்டர் பேப்பரில் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தோம். மறுபடி கொப்புளம். தின்னரை மாற்றினோம். கொப்புளம். வேறு கடையில் பெயிண்ட் வாங்கினோம். புது பெயிண்டிலும் அதே கொப்புளம், கொஞ்சம் கூடப் பளபளப்பாக.

மில்லில் மூட்டை தூக்குகிற ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் தகரத்துக்குக் கீழேதான் உட்காருவார்கள். கதவைப் பார்த்துவிட்டு ஒருவர் எழுந்து போனார். வரும்போது வேப்பிலைக் கொத்து ஒன்றைக் கொண்டுவந்து வேன் கைப்பிடியில் செருகினார். அம்மை இறங்கும் வரைக்கும் வேனுக்கு மோர் மட்டும் கொடுங்கள், தாளிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். தைலம்மாள் அக்கா சிரித்தார். ஆனால் வேப்பிலையை எடுக்கவில்லை.

இதற்குள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். பெயிண்ட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது காற்று, அந்தக் காற்றில் ஈரம் இருக்கிறது என்று அண்ணனே சொன்னார். அது வரைக்கும் சரி. ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சண்டை. அண்ணன் மழையைச் சொன்னார். தனசேகரன் பின்னாலிருக்கும் அரிசி மில்லைச் சொன்னார். சாயங்காலம் நெல் அவிக்கும்போது ஆவி எங்கள் பக்கம்தான் வரும். அவர் போய் மில் மேஸ்திரியிடம் சத்தம் போட்டுவிட்டு வந்தார். ஆவிக்கு வாடகை கேட்காமல் விட்டிருக்கிறோம், சந்தோஷப்படுங்கள் என்று சொல்லி அனுப்பினார்களாம்.

என்னிடம் கேட்டார்கள். நான் கம்பெனியில் பார்த்தவன் அல்லவா.

"உங்க கம்பெனில காத்து எங்கேந்துடா வந்துச்சு?" என்றார் அண்ணன்.

"செவுத்துலேந்து."

உண்மை அதுதான். சுவரில் ஒரு முனை இருக்கும், ஓஸ் குழாயைச் சொருகினால் காற்று வரும், காய்ந்த காற்று. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று நான் போய்ப் பார்த்ததில்லை. அன்று முழுக்க யார் எதைக் கேட்டாலும் பட்டறையில் ஒரே பதில்தான். டீ எங்கே? செவுத்துலேந்து வரும். எமரி பேப்பர் எங்கே? செவுத்துல பாரு.

ரோஷம் வந்து நான் போய் ஃபில்டர் ஒன்று வாங்கி வந்தேன். அடியில் கண்ணாடிக் கிண்ணம் இருக்கும், காற்றில் வரும் தண்ணீர் அதில் விழும். கம்ப்ரசர் வாயிலேயே மாட்டினேன். கன்னை அழுத்தியதும் கிண்ணம் நிறைந்தது. கொட்டினேன். நிறைந்தது. மூன்றாம் முறை கொட்டும்போது தனசேகரன் பக்கத்தில் வந்து நின்றார். மில்காரனுக்கு நல்ல ஆவி என்றார். கதவில் அடித்துப் பார்த்தோம். பள்ளம் குறைந்திருந்தது, போகவில்லை.

புதன்கிழமை காலை வந்துவிட்டது. ஒரு பக்கம்கூட மஞ்சள் ஆகவில்லை. தனசேகரன் ஒரு யோசனை சொன்னார். கன் வேண்டாம், பிரஷ்ஷில் அடித்துவிடலாம், தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிரேக் இன்ஸ்பெக்டர் தூரத்தில் நின்றா பார்ப்பார் என்று அண்ணன் கேட்டார். மழை பெய்தால் தூரத்தில் நிற்பார் என்றார் முதலாளி.

தைலம்மாள் அக்கா அதுவரை பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து எங்கள் வேடிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து கம்ப்ரசரிடம் போனார். கை மடக்கி டேங்கின் மேல் பக்கம் தட்டினார். 'டங்' என்றது. கொஞ்சம் கீழே தட்டினார். டங். இன்னும் கீழே, வயிற்றுப் பக்கம் தட்டினார். சத்தம் செத்துப்போனது. பலாப்பழம் வாங்குகிற மாதிரி இரண்டு மூன்று முறை மேலும் கீழும் தட்டிவிட்டு நிமிர்ந்தார். மலையில் டிரம்மில்தான் தண்ணீர் பிடித்து வைப்பார்கள், மூடியைத் திறக்காமல் எவ்வளவு இருக்கிறது என்று தட்டியே பார்ப்பார்கள் என்று பிறகு சொன்னார். அப்போது சொன்னது இவ்வளவுதான்:

"பாதிக்கு மேல தண்ணி."

தனசேகரன் சிரித்தார். இது காற்று டேங்க், இதில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை என்றார். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். குனிந்து, பிறகு மண்டியிட்டு, பிறகு மல்லாந்து படுத்து டேங்கின் அடியைப் பார்த்தார். வெளியே வந்து என்னைப் பார்க்கச் சொன்னார். நானும் படுத்தேன். அடியில் நடு மத்தியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு மொட்டு. வழவழவென்று வெள்ளி நிறத்தில் இருந்தது. அதுதான் தண்ணீர் இறக்குகிற திருகு. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கம்ப்ரசரை மூலை முடுக்கு விடாமல் அழகாக அடித்ததில், திருகு டேங்கோடு ஒட்டி, பெயிண்ட்டுக்குள் புதைந்து, அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. அடித்தது இளஞ்செழியன் அண்ணன். அவர் கை எதையும் விடாது.

காற்றை அழுத்தும்போது அதிலிருக்கிற ஈரம் டேங்குக்குள் தண்ணீராக இறங்கும். தினமும் திறந்துவிட வேண்டும். எங்கள் கம்ப்ரசர் வருஷக்கணக்காகக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பாதி வயிற்றுக்கு மேல் தண்ணீர், மீதியில்தான் காற்றுக்கு இடம். டக்கென்று நிரம்பாமல் என்ன செய்யும்?

இதை அண்ணன் சொல்லச் சொல்ல தனசேகரனின் முகம் சுருங்கியது. நம்பவில்லை என்று இல்லை. நம்பப் பிடிக்கவில்லை. போன வாரம்தான் பூசணிக்காய் உடைத்திருக்கிறோம், அதற்குள் பிளேடு போட்டுச் சுரண்டுவதா என்றார். திருகு உடைந்தால் மெஷின் போச்சு என்றார். இருக்கிற காற்றெல்லாம் போய்விடும் என்றார். நாளைக்குப் பார்க்கலாம் என்றும் சொல்லிப் பார்த்தார்.

"நாளைக்கி வேன் மஞ்சளா நிக்கலன்னா நான் குடகுக்கு பஸ் ஏறணுங்க" என்றார் அக்கா. குரல் ஏறவில்லை. "நீங்க மாடு வெச்சிருக்கீங்க இல்ல? பாலு வீணாப் பூடும்னு கறக்காம வுடுவீங்களா?"

தனசேகரன் கம்ப்ரசரின் முதுகைத் தட்டிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, நைட்டு, தின்னர் எடுத்தா என்றார்.

தின்னரில் நனைத்த துணியைத் திருகில் சுற்றி ஊறவிட்டோம். ஊறினதும் அண்ணன் பிளேடால் மெதுவாகச் சுரண்டினார். வெள்ளிக்குக் கீழே டிராக்டர் நீலம். நீலத்துக்குக் கீழே மினி பஸ் பச்சை. அப்புறம் ஆட்டோ மஞ்சள், யாரோ கல்யாண வண்டிக்கு வாங்கி மிச்சமான ரோஸ். பட்டறைக்கு வந்துபோன வண்டி எல்லாம் அந்த மொட்டில் இருந்தது. ரோஸைச் சுரண்டும்போது அண்ணன் மட்டும், அது நல்லா உக்காந்த கலரு என்று வருத்தப்பட்டார். கடைசியில் பித்தளை தெரிந்தது.

காற்றை முக்கால்வாசி கன் வழியாக விட்டோம். தனசேகரன் அந்த 'புஸ்' சத்தத்தை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். திருகை அண்ணன் குறடால் பிடித்துத் திருப்பினார். அசையவில்லை. இன்னொரு முறை. பெயிண்ட் விட்ட சத்தம் மட்டும் கேட்டது. உடைந்துவிட்டதா என்று பார்க்க முதலாளி குத்துக்காலிட்டு எதிரில் உட்கார்ந்தார். உட்காரக் கூடாத இடம் அது. அடுத்த திருப்பில் டேங்க் திறந்துகொண்டது.

கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர். துருவும் எண்ணெயும் கலந்து, கிணற்றுச் சேறு நாற்றத்தில் பீறிட்டு, முதலாளியின் வெள்ளை வேட்டியை இடுப்பு வரைக்கும் ஒரே கோட்டில் அடித்தது. இவ்வளவு ஒரே சீராக இளஞ்செழியன் அண்ணன்கூட அடித்ததில்லை. தனசேகரன் எழுந்திருக்கவில்லை. வாளி, வாளி என்றார். வாளி நிரம்பியது. இன்னொரு வாளி வைத்தோம். அதுவும் நிரம்பியது. அப்புறம் வாளி இல்லை. தண்ணீர் தரையில் ஓடி, வாசலைத் தாண்டி, சாலையோரப் பள்ளத்தில் போய்ச் சேர்ந்தது. மூட்டை தூக்குகிற ஆட்கள் வரிசையாக வந்து நின்று பார்த்தார்கள். சுகப்பிரசவமா என்று ஒருவர் கேட்டார். தண்ணீர்க் குடம் இப்போதுதான் உடைந்திருக்கிறது என்றார் வேப்பிலை வைத்தவர்.

கடைசியில் காற்று மட்டும் வந்தது. முதலில் ஈரமாக, பிறகு காய்ந்த காற்று. அக்கா புறங்கையை நீட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

திருகை மூடி சுவிட்சைப் போட்டோம். முள் நகரவில்லை. கொஞ்சம் நகர்ந்தது. நின்று யோசித்தது. தனசேகரன் நனைந்த வேட்டியோடு மீட்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மெஷின் பலகீனமாகிவிட்டது என்றார். முன்னாடி டக்குனு ரொம்பும் என்றார். எங்கள் பட்டறையில் முதல்முறையாகக் காற்று நிரம்புவதற்குள் எல்லோரும் டீ குடித்தோம்.

மில்லில் ஆவி விடுவதற்குள் அடித்து முடிக்க வேண்டும். என் ஃபில்டரை அண்ணன் கழற்றினார். கம்ப்ரசர் வாயில் காற்று சூடாக இருக்கும், ஈரம் ஆவியாகவே ஃபில்டரைத் தாண்டிப்போய் ஓஸில் ஆறித் தண்ணீராகும் என்றார். உன் ஃபில்டரும் உன்னை மாதிரியே, முக்கியமான நேரத்தில் தூங்குகிறது என்றார். ஓஸின் கடைசியில், கன்னுக்குக் கொஞ்சம் முன்னால், ஆறின இடத்தில் மாட்டினார். நானும் அண்ணனும் அக்காவும் வேனைத் தேய்த்தோம். முதலாளியும் ஒரு பேப்பரை எடுத்துத் தேய்த்தார். அவர் தேய்த்த இடத்தை நான் மறுபடி தேய்த்தேன்.

அண்ணன் இடது பக்கம் அடித்தார். கன்னைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் நின்று பார்த்தோம். பெயிண்ட் அப்படியே படுத்தது. வலது பக்கம். முன்பக்கம். கூரை. ஒரு பள்ளம் இல்லை. அண்ணனின் வாய் அன்றைக்குத்தான் ஓய்ந்தது. பின்கதவு மட்டும் பிரச்சினை. பலமுறை அடித்துத் தேய்த்ததில், பழைய காற்றோடு வந்த கம்ப்ரசர் எண்ணெய் அடி வரைக்கும் இறங்கியிருந்தது. சுத்தமான காற்றில் அடித்தும் நடுவில் ஒரு கையகலத்துக்குப் பள்ளம் விழுந்தது. தகரம் வரைக்கும் சுரண்டி, பட்டி வைத்து அடிக்க நேரம் இல்லை. ஆவி வர ஆரம்பித்துவிட்டது.

அக்கா அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உள்ளங்கைக்குள் அடங்கியது. பள்ளி வாகனம் என்று ஒட்டுகிற ஸ்டிக்கர் எவ்வளவு பெரிதாகக் கிடைக்கும் என்று கேட்டார்.

மறுநாள் நடந்ததை அக்காவே வந்து சொன்னார். பிரேக் இன்ஸ்பெக்டர் வேனைச் சுற்றி வந்தார். ஜன்னல் கம்பி, மருந்துப் பெட்டி, அவசர வழி எல்லாம் பார்த்தார். பக்கவாட்டில் கை வைத்துத் தடவிப் பார்த்தார். பின்னால் வந்ததும் நின்றார். எல்லா வேனிலும் மேலே இருக்கிற ஸ்டிக்கர் இதில் ஏன் நடுவில், இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கேட்டார். மலை ரோடு சார், ஏற்றத்தில் பின்னால் வருகிறவனுக்கு மேலே இருந்தால் தெரியாது என்று அக்கா சொன்னார். அவர் யோசித்துவிட்டு, நல்ல யோசனை, மலை வேன் எல்லாவற்றிலும் இப்படி ஒட்டலாம் என்றாராம்.

எஃப்.சி. கிடைத்தது. திங்கட்கிழமை அக்கா பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்கினார். கைப்பிடியில் வேப்பிலை காய்ந்துபோய் அப்படியே இருந்ததாம். பிள்ளைகள் கேட்டதற்கு, வேன் இப்போதுதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறது என்றாராம்.

தனசேகரன் தேறிவிட்டார். காலையில் மாட்டுக் கொட்டகையில் வேலை முடிந்ததும் நேராகப் பட்டறைக்கு வருகிறார். கம்ப்ரசருக்கு அடியில் வாளியை வைத்துத் திருகைத் திறக்கிறார். வேறு யாரையும் தொட விடுவதில்லை. மழை நாளில் தண்ணீர் அதிகம் வரும், அன்றைக்கு முகம் மலர்ந்திருக்கும். வண்டி விட வருகிறவர்களை முதலில் கம்ப்ரசரிடம்தான் கூட்டிப்போகிறார், ஆனால் காட்டுவது வாளியை.

"பஸ் ஸ்டாண்ட் பக்கம் எந்த மெஷினாவது இவ்ளோ குடுக்குமா? கேட்டுப் பாருங்க."

நானும் அண்ணனும் திருத்துவதில்லை. திருகைத் திறக்கிறார், அது போதும்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு டீசல் போடக் கள்ளக்குறிச்சி வரும் நாளில், மஞ்சள் வேன் பட்டறை வாசலில் வேகம் குறையும். ஹாரன் அடிக்கும். தைலம்மாள் அக்கா ஜன்னலில் தலையை நீட்டுவார்.

"கறந்தாச்சா?"

"காலீலயே" என்பார் முதலாளி, நிமிராமல்.